சுவர் நின்றதால் பிழைத்த ஊர்: டர்ஹாம் பற்றி வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ட்யூக் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் டர்ஹாம். சிகரெட்டால் வளர்ந்து, ஆலைகள் மூடியபின் நொடித்து, மறுபடி தலையெடுத்த நகரம். படிக்கவும் வேலைக்கும் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கேள்விகளும் அப்படித்தான் வந்திருக்கின்றன: சில ஊரின் கதையைப் பற்றி, சில கட்டட வேலையைப் பற்றி, சில வாடகையைப் பற்றி.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்: டர்ஹாம் கல்லூரியால் வளர்ந்த ஊரா, ஆலையால் வளர்ந்த ஊரா?

ஆலையால் வளர்ந்த ஊர். கல்லூரி பிறகு வந்தது, அதுவும் ஆலைக் காசில்.

முதலில் அங்கே இருந்தது ஒரு ரயில் நிலையம்தான். 1865 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், பக்கத்தில் இருந்த பென்னட் பண்ணை வீட்டில் தென்மாநிலப் படைத் தளபதி ஜான்ஸ்டன் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனிடம் சரணடைந்தார். பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் சும்மா இருந்த சிப்பாய்கள் நிலையத்தருகே ஜான் கிரீன் என்பவரின் கிடங்கில் இருந்த புகையிலையை அள்ளிக்கொண்டார்கள். ஊருக்குப் போனபிறகும் அந்த ருசி விடவில்லை. 'இன்னும் அனுப்புங்கள்' என்று கடிதம் எழுதினார்கள். காளைமாடு முத்திரை போட்ட 'புல் டர்ஹாம்' புகையிலை இப்படித்தான் நாடெங்கும் போனது.

அடுத்த திருப்பம் 1884. அதுவரை சிகரெட்டைக் கையால் சுருட்டினார்கள். கைதேர்ந்த ஆளே நாள் முழுக்க உட்கார்ந்தால் ஏறக்குறைய 3,000 சுருட்டலாம். பான்சாக் என்ற இளைஞர் வடிவமைத்த இயந்திரம் 10 மணி நேரத்தில் 1,20,000 வரை தள்ளியது. அது அடிக்கடி நின்றுவிடுகிறது என்று மற்றவர்கள் ஒதுக்க, ஜேம்ஸ் புக்கானன் ட்யூக் அதைக் கொண்டுவந்து டர்ஹாம் ஆலையில் நிறுத்தினார். 1890இல் போட்டியாளர்களையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. 1911இல் உச்ச நீதிமன்றம் அதை ஏகபோகம் என்று உடைத்தது. உடைந்த துண்டுகளில் இரண்டின் ஆலைகள் டர்ஹாமில் இருந்தன: லக்கி ஸ்ட்ரைக் செய்த அமெரிக்கன் டொபாக்கோ, செஸ்டர்ஃபீல்ட் செய்த லிகெட் அண்ட் மையர்ஸ்.

டிரினிட்டி கல்லூரி வேறு ஊரில் இருந்தது. ஜேம்ஸின் தந்தை வாஷிங்டன் ட்யூக் பணமும், புகையிலை அதிபர் ஜூலியன் கார் என்பவர் நிலமும் கொடுத்ததால் 1892இல் இங்கே இடம் மாறியது. 1924இல் ஜேம்ஸ் ட்யூக் 4 கோடி டாலரில் அறக்கட்டளை வைத்தார். கல்லூரி ட்யூக் பல்கலைக்கழகம் ஆனது. 1930இல் மருத்துவமனை திறந்தது. ஊரின் இன்னொரு பல்கலைக்கழகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1910இல் ஜேம்ஸ் ஷெப்பர்ட் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியது, இன்றைய நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம்.

ஆசிரியை, நாகர்கோவில்: புகையிலை ஆலை மூடியதால்தானே ஊர் படுத்தது?

பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வரிசையைப் பார்த்தால் அது பாதி உண்மைதான். எர்வின் நெசவாலை 1986இல் மூடியது, அமெரிக்கன் டொபாக்கோ 1987இல். லிகெட் சிகரெட் உற்பத்தியை 2000 வாக்கில் மீபேன் என்ற சிற்றூருக்கு எடுத்துப் போய்விட்டது. ஆனால் நகர மையத்தின் உயிர் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே போக ஆரம்பித்திருந்தது.

1960இல் நார்த்கேட், 1975இல் சவுத் ஸ்கொயர் என்று புறநகரில் பெரிய வணிக வளாகங்கள் வந்தன. துணிக்கடையும் நகைக்கடையும் அங்கே போயின. கார்கள் ஊருக்குள் வரட்டும் என்று மையத்தைச் சுற்றி ஒருவழிச் சாலை ஒன்றை வளையமாகப் போட்டார்கள். அதற்காக 1968இல் யூனியன் ஸ்டேஷன் என்ற ரயில் நிலையத்தை இடித்தார்கள். அந்த வளையத்தில் ஏறினால் ஊரைச் சுற்றிக்கொண்டு வெளியே போவதுதான் சுலபம், உள்ளே வந்து ஒரு கடை வாசலில் நிற்பது கடினம். கடைக்காரருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

1959இல் தொடங்கிய ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் என்ற ஆய்வு நிறுவன வளாகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சுமார் 7,000 ஏக்கர், பெரும்பகுதி டர்ஹாம் கவுண்டிக்குள் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). 1965இல் ஐபிஎம் வந்தது. நம் பிள்ளைகள் பலர் வேலை பார்ப்பதும் அங்கேதான். ஆனால் சட்டப்படி நகராட்சிகள் அதைத் தங்கள் எல்லையில் சேர்த்துக்கொள்ள முடியாது. சொத்து வரி கவுண்டிக்குப் போகும், டர்ஹாம் நகராட்சிக்கு வராது. ஊழியர் காரில் போய் மரங்களுக்கு நடுவே வேலை பார்த்துவிட்டு காரிலேயே பக்கத்து ஊர்களான கேரிக்கோ ராலேக்கோ திரும்பிவிடுவார். பத்து மைல் தள்ளி வேலை பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் டர்ஹாமின் மெயின் ஸ்ட்ரீட்டில் கதவுகளுக்குப் பலகை அடித்தார்கள்.

சட்டக் கல்லூரி மாணவி, மதுரை: ஹேட்டி என்ற பகுதியைப் பற்றிப் படித்தேன். அங்கே என்ன நடந்தது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் டர்ஹாமின் மறுவாழ்வைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

ஹெய்ட்டி நாட்டின் பெயரை வைத்துக்கொண்ட கறுப்பின மக்கள் குடியிருப்பு அது. தெற்கே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். மளிகை, தையல், மருந்துக்கடை, திரையரங்கு, ஹோட்டல், தேவாலயம், 1901இல் தொடங்கிய லிங்கன் மருத்துவமனை என்று எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பாதைக்கு இந்தப் பக்கம் பாரிஷ் தெருவில் நார்த் கரோலினா மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். ஜான் மெரிக், டாக்டர் ஏரன் மூர் முதலியோர் 1898இல் தொடங்கியது. அதை வளர்த்தெடுத்தவர் சி.சி. ஸ்பால்டிங். மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ் வங்கியும் அதே தெருவில். வெள்ளையர் வங்கி கடன் தராத காலத்தில் கறுப்பினத்தவர் வீடு வாங்கியதும் கடை வைத்ததும் இந்த இரண்டின் துணையால். 'கறுப்பு வால் ஸ்ட்ரீட்' என்ற பெயர் அதனால் வந்தது.

1950களின் கடைசியில் 'நகரப் புதுப்பிப்பு' என்ற மத்திய அரசுத் திட்டம் வந்தது. ஹேட்டியைச் சேரி என்று அறிவித்தார்கள். சாக்கடையும் தார் ரோடும் போட்டுத்தராமல் விட்டதே நகராட்சிதான், அந்தக் குறையையே காரணமாகக் காட்டினார்கள். புது வீடும் புதுக் கடைத்தெருவும் வரும் என்று சொன்னதை நம்பி 1962 வாக்கெடுப்பில் கறுப்பினத் தலைவர்கள் பலரும் ஆதரித்தார்கள். வந்தது டர்ஹாம் ஃப்ரீவே, நெடுஞ்சாலை 147. 4,000 குடும்பங்களுக்கு மேல் வெளியேறின. சுமார் 500 கடைகளும் தொழில்களும் போயின. கடைகளில் பல தகரக் கொட்டகைக்கு மாற்றப்பட்டு அங்கேயே முடிந்தன. வாடகைக் கடைக்காரருக்குச் சாமான் ஏற்றிச் செல்லும் செலவு கிடைத்தது. முப்பது வருடம் சேர்த்த வாடிக்கையாளர்கள் நான்கு திசையில் சிதறியதற்கு எந்தப் பட்டியலிலும் விலை இல்லை.

இதில் சட்ட மாணவியான நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: பிற்பாடு டர்ஹாமைத் தூக்கி நிறுத்திய வரிச் சலுகை நின்றுகொண்டிருக்கும் பழைய கட்டடத்துக்குத்தான் கிடைக்கும். ஆலைகள் காலியாகக் கிடந்தாலும் நின்றன, ஆகவே சலுகை கிடைத்தது. ஹேட்டி தரைமட்டம். புதுப்பிக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

கட்டட ஒப்பந்தக்காரர், ஈரோடு: நூறு வருட ஆலைக் கட்டடத்தை அலுவலகமாக மாற்றியது எப்படி? செலவு கட்டுப்படியாகுமா? தொழில்நுட்ப விவரம் தேவை.

கட்டடத்திலிருந்தே தொடங்குவோம். புகையிலையைப் பறித்துப் பதப்படுத்தியதும் சுருட்டிவிட முடியாது. பெரிய மரப் பீப்பாய்களில் அடைத்து ஓரிரு வருடம் பழுக்கவிட வேண்டும். ஒரு பீப்பாய் சுமார் 450 கிலோ. அவற்றை அடுக்கும் கிடங்கின் தளம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தடித்த செங்கல் சுவர். உள்ளே நீள்ஊசிப் பைனின் வைரக்கட்டையில் தூண்களும் உத்தரங்களும். மேலே கனத்த பலகைத் தளம். தீ பரவாமல் இருக்க அறைக்கும் அறைக்கும் நடுவே கூரைக்கு மேல் வரை எழும்பும் முழுச் சுவர். 1904இல் கட்டிய வாட்ஸ், யுயில் கிடங்குகள் இரண்டும் இந்த வகை. 1981இல் அவை பிரைட்லீஃப் ஸ்கொயர் என்ற கடை வளாகமாயின. மேசை நாற்காலியின் பாரம் இந்தத் தளத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. தடித்த உத்தரம் தீயில் வெளிப்புறம் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். மெல்லிய இரும்பு உத்தரம் சூட்டில் வளைந்துவிடும்.

வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய இப்படி. முதலில் கூரை. மழை நின்றால்தான் மற்றதெல்லாம். அடுத்து கல்நார், ஈயப் பெயின்ட் அகற்றுதல், மண்ணில் எண்ணெயும் ரசாயனமும் இறங்கியிருக்கிறதா என்று பரிசோதனை. பிறகு உத்தரத்தின் நுனி. நடுவில் பார்த்தால் உத்தரம் இரும்புபோல இருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் கடைசி ஓரடியில்தான் ஈரம் தங்கி உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்க்கும்போது டொக்கென்று சத்தம் வந்தால் துரப்பணம் போட்டுப் பார்க்க வேண்டும். கெட்டிருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டி, இருபுறமும் எஃகுப் பட்டை வைத்துப் போல்ட் போடலாம். முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இதெல்லாம் முடிந்த பிறகே லிஃப்ட், இரண்டு படிக்கட்டு, தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், குளிர்சாதனம்.

வேலை கெடுகிற இடங்கள் எப்போதும் இந்த நான்குதான். மணல் பீய்ச்சிச் செங்கல்லைச் சுத்தம் செய்வது முதல் தப்பு. சூளையில் வெந்த மேல்தோல்தான் கல்லின் கவசம். அது போனால் உள்ளே மெத்தென்ற மண், ஐந்தாறு மழைக்குள் பொரிந்து உதிரும். இரண்டாவது, பழைய சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டில் பாயிண்டிங் பண்ணுவது. காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட்டிச் சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது; ஈரம் கல் வழியாக வெளியேறும், பனிக்காலத்தில் உறையும், கல்லின் முகம் தெறிக்கும். மூன்றாவது, குளிரைத் தடுக்கச் சுவரின் உட்புறம் தடித்த காப்புப் பலகை அடிப்பது. அறை வெதுவெதுப்பாகும், ஆனால் சுவர் குளிர்ந்து உள்ளுக்குள் ஈரம் தேங்கும். நான்காவது ஜன்னல். இரும்புச் சட்ட ஜன்னல்களைக் கழற்றி எறிந்து அலுமினியம் வைத்தால் வரிச் சலுகையே கைநழுவலாம்.

இப்போது கணக்கு. மத்திய அரசின் சலுகையில், தகுதியான புதுப்பிப்புச் செலவில் 20 சதவீதத்தைக் கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்ளலாம். டாக்ஸ் கிரெடிட் என்பது இதுதான். கட்டடம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அல்லது பதிவான வரலாற்றுப் பகுதிக்குள் அதன் சிறப்புக்குத் துணை நிற்கும் கட்டடமாக இருக்க வேண்டும். வருமானம் தரும் உபயோகத்தில் இருக்க வேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு இது கிடையாது. செலவு, கட்டடத்தின் கணக்குமதிப்பைத் தாண்ட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கிடங்கை 10 லட்சம் டாலருக்கு வாங்குகிறீர்கள், அதில் நிலத்தின் பங்கு 3 லட்சம். மீதி 7 லட்சத்துக்கு மேல் 24 மாதங்களுக்குள் செலவழித்தாக வேண்டும். கட்டம் கட்டமாகச் செய்வதென்று முன்கூட்டியே காட்டினால் 60 மாதம். 50 லட்சம் செலவாகி, அதில் 40 லட்சம் தகுதியானது என்றால் சலுகை 8 லட்சம். 2017 வரிச் சட்டத்துக்குப் பிறகு இது ஐந்து வருடங்களுக்கு ஆண்டுக்கு 1.6 லட்சம் என்று பிரிந்து வரும். கார் நிறுத்துமிடம், தோட்டம், புதிதாக ஒட்டிக் கட்டும் பகுதி எதுவும் தகுதிச் செலவில் சேராது. ஐந்து வருடத்துக்குள் விற்றால் சலுகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

விண்ணப்பம் மூன்று பகுதி. ஒன்று, கட்டடம் தகுதியானதா. இரண்டு, என்ன வேலை செய்யப்போகிறோம். மூன்று, சொன்னபடி செய்தோமா. மாநில வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகம் பார்த்துத் தேசியப் பூங்காத் துறைக்கு அனுப்பும். இரண்டாம் பகுதிக்கு ஒப்புதல் வருமுன் இடிக்க ஆரம்பித்தவர்களும், வேலைக்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வைக்காதவர்களும்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். சலுகையைப் பயன்படுத்தும் அளவுக்கு வரி கட்டாத கட்டடக்காரர், வரி அதிகம் கட்டும் வங்கியைக் கூட்டாளியாகச் சேர்த்து, அந்தச் சலுகைக்கு ஈடாகப் பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுவார். மாநிலமும் தன் பங்குக்குத் தனியாக ஒரு சலுகை வைத்திருந்தது. 2014 இறுதியில் அது முடிந்து, 2016இல் குறைந்த விகிதத்தில் மறுபடி வந்தது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஈரோட்டுக் கணக்கிலும் சரி, டர்ஹாம் கணக்கிலும் சரி, இடித்துக் கட்டுவதுதான் மலிவு.

தொழில்முனைவோர், கோயம்புத்தூர்: யாருடைய பணம் முதலில் உள்ளே வந்தது?

அரசுப் பணம். தனியார் துணிச்சல் என்று கதை சொல்வது எளிது, ஆனால் வரிசை அப்படி இல்லை.

டர்ஹாம் புல்ஸ் பேஸ்பால் அணிக்குப் புது மைதானம் கட்டக் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று 1990இல் வாக்காளர்களைக் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். வட கரோலினாவில் நகராட்சி தன் வரி வசூலையே ஈடாக வைத்துக் கடன் வாங்கப் பொதுவாக வாக்கெடுப்பு தேவை. கட்டப்போகும் கட்டடத்தையே ஈடாக வைத்து வாங்கும் 'பங்கேற்புச் சான்றிதழ்' என்ற கடனுக்குத் தேவையில்லை, வட்டிதான் கொஞ்சம் கூடுதல். நகர மன்றம் அந்த வழியில் போனது. மைதானம் 1995இல் திறந்தது, மூடிக்கிடந்த அமெரிக்கன் டொபாக்கோ ஆலைக்கு எதிரிலேயே. மக்கள் மறுத்ததை மன்றம் சுற்றுவழியில் செய்தது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆட்டம் நடக்கும் ராத்திரிகளில் ஆயிரக்கணக்கானோர் அந்த இருண்ட ஆலைப் பக்கம் வரத் தொடங்கினார்கள் என்பது மறுக்க முடியாதது.

அணியை வைத்திருந்த கேபிடல் பிராட்காஸ்டிங் நிறுவனம்தான் பிறகு ஆலையை எடுத்தது. சுமார் 10 லட்சம் சதுர அடி. வாடகைக்கு ஆள் உறுதியாகாமல் எந்த வங்கியும் கடன் தராது. கட்டடம் தயாராகாமல் யாரும் வாடகைக்கு வரமாட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்த்தது, கட்டடம் முடியுமுன்பே போட்ட வாடகை ஒப்பந்தங்கள். மருந்து நிறுவனமான கிளாக்ஸோஸ்மித்க்ளைன், மென்பொருள் நிறுவனமான காம்ப்யூவேர், ட்யூக் பல்கலைக்கழகம் மூன்றும் முதலில் கையெழுத்திட்டன. கார் நிறுத்தும் அடுக்குகளுக்கு நகராட்சியும் கவுண்டியும் பணம் போட்டன. 2004இல் முதல் கட்டம் திறந்தது. அதற்குப் பின்தான் மற்றவை: 2008இல் சுமார் 2,700 இருக்கை கொண்ட நிகழ்த்துகலை அரங்கம், 2010இல் புதுத் தொழில்களுக்கு இடம் தரும் அமெரிக்கன் அண்டர்கிரவுண்ட்.

எங்கள் பார்வையில் இந்த வரிசையின் திருப்புமுனை ட்யூக்கின் கையெழுத்துதான். வளாகத்துச் சுவருக்குள்ளேயே கட்டிக்கொண்டே போகாமல் சில அலுவலகங்களை ஊர் நடுவே கொண்டுவந்தது. சம்பள நாள் தவறாத ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் மதியம் சாப்பிட வெளியே வந்தால், பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை திறக்கத் தைரியம் வரும்.

வாசகர், திருச்சி: ஊர் வளர்ந்ததை எண்ணிக்கையில் சொல்லுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: 1990இல் 1,36,611, 2000இல் 1,87,035, 2010இல் 2,28,330, 2020இல் 2,83,506.

பொறியாளர், சென்னை: இவ்வளவு வளர்ந்த ஊருக்கு ரயில் ஏன் வரவில்லை?

வரவேண்டியது, 2019இல் நின்றது. பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லின் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து ட்யூக் மருத்துவமனை, நகர மையம் வழியாக நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம் வரை சுமார் 17.7 மைல் இலகு ரயில். டர்ஹாம் மக்கள் 2011இல் வாக்களித்து, தங்கள்மேலேயே அரை சதவீத விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். தடம் எர்வின் ரோட்டில் ட்யூக் மருத்துவமனை வாசலில் போக வேண்டும். அங்கே அதிர்வும் மின்காந்த இடையூறும் மருத்துவக் கருவிகளைப் பாதிக்கும், விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவில்லை என்று சொல்லி, 2019 பிப்ரவரியில் ட்யூக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தது. மாநில, மத்திய நிதிக்கான கெடு நெருங்கியிருந்தது. அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

கருவிகள் பற்றிய கவலை பொய்யென்று சொல்ல மாட்டோம். எம்ஆர்ஐ போன்ற கருவிக்கு அருகே பெரிய இரும்பு நகர்ந்தால் படம் கெடும். ஆனால் வருடக்கணக்கில் திட்டமிட்ட பிறகு கடைசி வாரங்களில் வந்த மறுப்பு அது. கிழக்கு டர்ஹாமில் இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குத் துப்புரவு வேலைக்கு வருகிறவர்களுக்கு இழப்பு பெரிது. ஒரே பெரிய நிறுவனத்தை நம்பி நிற்கும் கல்லூரி ஊரில் அதன் கையெழுத்து ஒருமுறை ஊரைத் தூக்கிவிடும், இன்னொருமுறை தடுக்கும்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: விலை ஏறினால் சொந்த வீட்டுக்காரருக்கு லாபம்தானே? ஏன் புலம்புகிறார்கள்?

விற்றால் லாபம். விற்காமல் குடியிருப்பவருக்குச் சொத்து வரி ஏறும், வருமானம் ஏறாது. கவுண்டி சில வருடங்களுக்கு ஒருமுறை எல்லா வீட்டுக்கும் புது மதிப்பு போடும். மையத்துக்குப் பக்கத்தில் பழைய மர வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் மூதாட்டியின் வீட்டு மதிப்பு ஒரே மதிப்பீட்டில் இரட்டிப்பாகலாம்.

நிவாரணம் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். 65 வயது நிறைந்தவர் அல்லது நிரந்தரமாக உடல் செயலிழந்தவர், வருமான வரம்புக்குள் இருந்தால், வீட்டு மதிப்பில் 25,000 டாலர் அல்லது பாதி, எது கூடுதலோ அதற்கு வரி இல்லை. இன்னொரு வழி 'சர்க்யூட் பிரேக்கர்'. ஐந்து வருடம் சொந்தமாக வைத்துக் குடியிருந்தவருக்கு வரி வருமானத்தில் 4 அல்லது 5 சதவீதத்தோடு நிற்கும். ஆனால் மிச்சம் தள்ளுபடி ஆகாது, கடனாக நிற்கும். வீட்டை விற்றாலோ அவர் இறந்தாலோ கடைசி மூன்று வருடப் பாக்கியை வட்டியோடு கட்ட வேண்டும். இதற்கு ஒவ்வொரு வருடமும் மனுப் போட வேண்டும். இரண்டுக்கும் கடைசி நாள் ஜூன் 1.

இன்னொரு ஆபத்து, உயில் எழுதாமல் போன தாத்தாவின் வீடு. பேரப்பிள்ளைகள் பத்துப்பேருக்கும் பிரிக்காத பங்கு. வெளியூரில் இருக்கும் ஒருவரின் பங்கை ஒரு மனை வியாபாரி வாங்கி, பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வீட்டைப் பிரிக்க முடியாது என்று ஏலத்துக்குப் போகும் அபாயம் உண்டு. நம்மூர்க் குடும்பங்களுக்கும் இது புரியாத விஷயமில்லை.

வாடகைக்காரர் நிலை இன்னும் கஷ்டம். வாடகைக்கு உச்சவரம்பு வைக்க நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டம் 1987 முதல் தடை போட்டிருக்கிறது. ஆகவே நகரம் பணம் போட்டு வீடு கட்டுவதுதான் வழி. 2019 நவம்பரில் 9.5 கோடி டாலர் வீட்டுவசதிப் பத்திரத்துக்கு டர்ஹாம் மக்கள் ஒப்புதல் தந்தார்கள். நல்ல காரியம், ஆனால் நிலம் மலிவாகக் கிடந்த 2000இல் இதைச் செய்திருந்தால் இதே பணத்தில் இன்னும் எத்தனையோ வீடு எழும்பியிருக்கும்.

பெற்றோர், திருநெல்வேலி: மகள் ஆகஸ்டில் டர்ஹாமில் மேற்படிப்புக்குச் சேர்கிறாள். வீடு எடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முன்பணம்: ஒரு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. மாதாமாதம் நீளும் ஒப்பந்தம் என்றால் ஒன்றரை மாதம். அந்தப் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று வீட்டுக்காரர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காலி செய்த 30 நாளுக்குள் கணக்கோடு திருப்ப வேண்டும். ஆகவே சாவி வாங்கும் அன்றே சுவர், தரை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து மின்னஞ்சலில் வீட்டுக்காரருக்கு அனுப்பச் சொல்லுங்கள். வாடகை ஐந்து நாள் தாமதித்தால் அபராதம் 15 டாலர் அல்லது வாடகையில் 5 சதவீதம், எது அதிகமோ அதுவரை போடலாம்.

சாமான் ஏற்ற வாடகை லாரி எடுத்தால் இன்னொரு எச்சரிக்கை. பிரைட்லீஃப் அருகே கிரெக்ஸன் தெருவில் 1940இல் கட்டிய ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. உயரம் 11 அடி 8 அங்குலம்தான் இருந்தது. லாரிக் கூரைகளைத் தகர டப்பா மூடிபோல உரித்துப் பெயர் வாங்கியது. அடியில் பெரிய சாக்கடைக் குழாய் போவதால் ரோட்டைத் தாழ்த்த முடியவில்லை. 2019இல் தண்டவாளத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். இப்போது 12 அடி 4 அங்குலம். 26 அடி நீள வாடகை லாரிகளில் சில இதைவிட உயரம், ஆகவே இன்றும் மோதுகின்றன. லாரியின் உயரம் ஓட்டுநர் அறைக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். பாலத்துக்கு முந்தைய சிக்னலில் 'உயரம் அதிகம், திரும்பவும்' என்ற பலகை ஒளிர்ந்தால் அது நம் லாரியைத்தான் சொல்கிறது. பீபடி தெருவில் திரும்பிவிட வேண்டும். வாடகை லாரிக் காப்பீடுகள் பெரும்பாலும் கூரைச் சேதத்தை ஏற்பதில்லை.

வாசகி, காரைக்குடி: மகனைப் பார்க்கப் போகிறோம். ஒரே நாளில் எதைப் பார்க்கலாம்?

ஆம்ட்ராக் ரயில் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அதுவே பழைய புகையிலைக் கிடங்குதான். பக்கத்தில் பிரைட்லீஃப். அண்ணாந்து பார்த்தால் கூரை ஓரத்துச் செங்கல் வேலைப்பாட்டை ரசிக்கலாம். மெயின் தெரு வழியே கிழக்கே நடந்தால் பாரிஷ் தெரு, மியூச்சுவல் நிறுவனத்தின் பழைய கட்டடம், அருகே வெண்கலக் காளை. தெற்கே ரயில் பாதையைக் கடந்தால் அமெரிக்கன் டொபாக்கோ வளாகம்: லக்கி ஸ்ட்ரைக் என்று எழுதிய தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, நடுவே ஓடவிட்டிருக்கும் செயற்கை ஓடை. எதிரில் மைதானம். இவ்வளவுக்கும் மூன்று மணி நேரம் போதும்.

பெரும்பாலோர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் கால் மணி நேரம் தென்கிழக்கே நடந்து ஃபயெட்வில் தெருப் பாலத்துக்கு வாருங்கள். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் இரைந்துகொண்டு போகும். அந்தப் பள்ளம்தான் ஹேட்டியின் கடைத்தெரு இருந்த பக்கம். பாலம் தாண்டியதும் 1891இல் கட்டிய செயின்ட் ஜோசப் தேவாலயம், இப்போது ஹேட்டி பண்பாட்டு மையம். கோபுர உச்சியில் சிலுவை இருக்கும் இடத்தில், ஹெய்ட்டி நாட்டு மரபில் எர்சூலி என்ற தெய்வத்தின் சின்னத்தை இரும்பில் வடித்து வைத்திருக்கிறார்கள். சாலையின் இரைச்சல் தேவாலய வாசல் வரை கேட்கும்.